இஞ்செராவைத் தோசை என்று சொல்வதற்கு முன்: எத்தியோப்பியச் சாப்பாடு, முதல் முறை போகிறவர்களுக்கு

ஐரோப்பாவில் வசிக்கும் நம்மவர்களிடம் எத்தியோப்பியச் சாப்பாடு எப்படி என்று கேட்டால் பெரும்பாலும் இரண்டு பதில்தான் வரும். "அது அவங்க ஊர்த் தோசைங்க, கொஞ்சம் புளிச்சிருக்கும்" என்பார் ஒருவர். "ஆறிப்போனதைக் கொண்டுவந்து வச்சாங்க, ஸ்பூன்கூடத் தரலை" என்பார் இன்னொருவர். முதலாமவர் சொல்வது பாதி சரி. இரண்டாமவர் குறை என்று நினைப்பதுதான் அங்கே முறை. இணையத்தில் மூன்றாவதாக ஒரு கூட்டம் இருக்கிறது: "குளூட்டன் இல்லாத சூப்பர்ஃபுட், எல்லோரும் சாப்பிடலாம்!" இது மட்டும் சில பேருக்கு உடம்பைக் கெடுக்கக்கூடிய தவறு. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

தட்டு நிறைய விரித்து வரும், தோசை போன்ற அந்தப் பெரிய வட்டத்துக்குப் பெயர் இஞ்செரா. அது ஏன் புளிக்கிறது, ஏன் உடம்பெல்லாம் ஓட்டை, ஏன் ஆறவைத்துத் தருகிறார்கள், ஏன் தனித்தட்டு கிடையாது என்ற எல்லாக் கேள்விக்கும் பதில் அதன் மாவில் இருக்கிறது. ஆகவே மாவைப் பற்றித்தான் அதிகம் பேசப்போகிறேன்.

## மிலானில் எப்படி வந்தது?

பேச்சுக்கு ஓர் ஊர் வேண்டும். இத்தாலியின் மிலானை வைத்துக்கொள்வோம். அங்கே போர்ட்டா வெனேட்சியா பக்கம் நடந்தால் எத்தியோப்பிய, எரித்ரிய உணவகங்கள் அடுத்தடுத்து வரும். ஆடம்பரம் இல்லாத சின்னக் கடைகள். எரித்ரியா 1890 முதல் 1941 வரை இத்தாலியின் காலனியாக இருந்தது. எத்தியோப்பியாவையும் பிடிக்கப்போய், 1896இல் அட்வா போரில் மன்னர் இரண்டாம் மெனெலிக்கின் படையிடம் இத்தாலி தோற்றுத் திரும்பியது. 1935இல் முசோலினி காலத்தில் மறுபடி படையெடுத்து வந்து, 1936 முதல் ஐந்தாண்டு ஆண்டது. பிறகு எரித்ரிய விடுதலைப் போர், 1974இல் எத்தியோப்பிய மன்னராட்சி கவிழ்ந்து வந்த ராணுவ ஆட்சி என்று அடுத்தடுத்து நடந்ததில் ஊரை விட்டுக் கிளம்பியவர்களில் பலர் இத்தாலிக்கு வந்தார்கள்.

எரித்ரியா 1993இல் தனிநாடானது. சாப்பாடு மட்டும் ஏறக்குறைய ஒன்றே, பெயர்தான் மாறும். எத்தியோப்பியாவின் அம்ஹாரிக் மொழியில் இஞ்செரா, எரித்ரியாவின் திக்ரிஞ்ஞா மொழியில் தைத்தா. இஞ்செராவோடு வரும் காரமான சிவப்புக் குழம்பை இத்தாலிக்காரர்கள் ஸிகினி என்றே கேட்டு வாங்குவார்கள். பெயர்ப்பலகையில் இரண்டு நாட்டின் பெயரும் சேர்ந்திருப்பது சகஜம். ஆனாலும் கடைக்காரரை "நீங்க எத்தியோப்பியாதானே?" என்று நாமாக முடிவு கட்டிக் கேட்காமல் இருப்பது நல்லது. 1998 முதல் 2000 வரை இந்த இரண்டு நாடுகளும் எல்லைக்காகச் சண்டை போட்டிருக்கின்றன.

## டெஃப்

இஞ்செராவின் தானியம் டெஃப். புல்லின வகைச் சிறுதானியம். சிறுதானியம் என்று நாம் சொல்லும் எதையும்விடச் சிறியது: ஆயிரம் மணியை நிறுத்தாலும் அரை கிராம் தேறாது. அவ்வளவு சின்ன மணியில் தவிட்டைத் தனியாகப் பிரிக்க வழியில்லை. முழுசாகத்தான் அரைக்க வேண்டும். வெள்ளை டெஃப், பழுப்பு டெஃப் என்று இரண்டு முக்கிய வகை. வெள்ளைக்கு விலையும் மதிப்பும் அதிகம். ஐரோப்பாவில் நிலைமை தலைகீழ். பழுப்பாக இருந்தால்தான் 'அசல்' என்று நம்புகிறார்கள்.

ஒரு கொசுறுச் செய்தி: நம் கேழ்வரகும் கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலத்திலிருந்து வந்த பயிர்தான். எத்தியோப்பியாவில் இன்றும் தகுசா என்ற பெயரில் விளைகிறது. அதைக் கலந்து இஞ்செரா சுடுவதும் உண்டு.

இனி அந்தக் குளூட்டன் விஷயம். கோதுமை மாவைப் பிசைந்து இழுத்தால் நீள்கிறதல்லவா, அந்த இழுவையைத் தரும் புரதக் கூட்டுத்தான் குளூட்டன். டெஃபில் அது கிடையாது. ஆனால் டெஃபில் இல்லை என்பதால் கடையில் வரும் இஞ்செராவிலும் இல்லை என்று ஆகிவிடாது. உள்ளூரில் விலை ஏறக்கூடாது என்று 2006இல் எத்தியோப்பியா டெஃப் ஏற்றுமதியைத் தடை செய்தது. 2015இல்தான் ஓரளவு தளர்த்தியது. வெளிநாட்டில் டெஃப் விலை அதிகம், கிடைப்பதும் சிரமம். அதனால் வெளியூர்க் கடைகளில் கோதுமை, பார்லி, சோளம், அரிசி என்று எதையாவது கலப்பது பழக்கமாகிவிட்டது. கலப்படம் என்று திட்டுவதற்கில்லை. எத்தியோப்பியாவிலேயே வசதி குறைந்த வீடுகளில் கலந்துதான் சுடுகிறார்கள். ஆனால் சீலியாக் நோய் உள்ளவர், அதாவது குளூட்டன் பட்டாலே குடல் புண்ணாகிறவர், "இது முழுக்க டெஃபா?" என்று கேட்காமல் கை வைக்கக்கூடாது. நிறத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. கேட்டால் ஒளிக்காமல் சொல்வார்கள். சில கடைகளில் முழு டெஃப் வேண்டுமென்றால் முன்கூட்டியே சொல்லிவைக்கவும் வேண்டும்.

## மாவுக்குள் என்ன நடக்கிறது?

நம் வீட்டு மாவுச் சட்டியிலிருந்து தொடங்கலாம். அரிசியும் உளுந்தும் அரைத்துக் கரைத்து வைத்தால் காலையில் பொங்கி நிற்கிறது, புளித்தும் இருக்கிறது. பொங்குவதும் புளிப்பதும் வேறு வேறு வேலை என்பதை நாம் பிரித்து யோசிப்பதில்லை. நுண்ணுயிர்கள் மாவிலுள்ள சர்க்கரையைத் தின்று அமிலத்தையும் வாயுவையும் வெளிவிடுவதற்குத்தான் நொதித்தல் என்று பெயர். அமிலத்தால் புளிக்கிறது, வாயுவால் பொங்குகிறது. தயிரைப் புளிக்கவைக்கும் லாக்டிக் அமில பாக்டீரியா குடும்பம் இங்கேயும் அமிலத்தைப் பார்த்துக்கொள்கிறது. வாயுவை ஈஸ்ட் என்ற ஒருசெல் பூஞ்சையும், அந்த பாக்டீரியாக்களில் சிலவும் தருகின்றன.

இஞ்செராவிலும் இதே கதைதான், ஆனால் நிதானமாக. டெஃப் மாவைத் தண்ணீரில் கரைத்து, போன முறை எடுத்துவைத்த புளித்த தண்ணீரை விடுகிறார்கள். அதற்குப் பெயர் எர்ஷோ. பழைய மாவில் ஒரு கரண்டி விட்டுக் கலக்குகிறோமே, அதேதான். மூடிவைத்தால் இரண்டு மூன்று நாள் ஆகிறது. அடிஸ் அபாபா கடல்மட்டத்துக்கு 2,300 மீட்டருக்கு மேலே இருக்கும் குளிர்ந்த ஊர். நம் ஊர் வெயிலில் ஓர் இரவில் முடிகிற வேலை அங்கே இழுக்கும். மிலானின் ஜனவரிக் குளிரில் கேட்கவே வேண்டாம்.

மூன்றாம் நாள் சட்டியைத் திறந்தால் மாவு அடியில் படிந்து, மேலே மஞ்சள் கலந்த தெளிந்த நீர் நிற்கும். மூக்கில் ஏறுகிற புளிப்பு வாசனை வரும். அந்த நீரை வடித்து, கொஞ்சத்தை அடுத்த முறைக்கு எர்ஷோவாக எடுத்துவைப்பார்கள். எவ்வளவு வடிக்கிறார்களோ அவ்வளவு புளிப்பு குறையும். தெருவுக்கு இரண்டு கடை இருந்தால் இரண்டிலும் புளிப்பு வேறாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். முறைப்படி புளிக்கவைத்த மாவுக்கு வினிகர் தேவையில்லை.

இங்கே ஒரு சிக்கல். வாயு உண்டாகிவிட்டது, சரி. அதைப் பிடித்துவைக்க ஆள் வேண்டுமே? ரொட்டியில் குளூட்டன் பிடிக்கிறது. இட்லி மாவில் உளுந்தின் வழுவழுப்பு பிடிக்கிறது. வெறும் அரிசி மாவைக் கரைத்துவைத்தால் இட்லி எழும்பாதது இதனால்தான். டெஃபில் குளூட்டனும் இல்லை, உளுந்துக்கு ஈடாக எதுவும் சேர்ப்பதும் இல்லை. அப்படியே சுட்டால் தட்டையான, விறைத்த அடைதான் வரும்.

அதற்கு அவர்கள் கண்ட வழி அப்சித். படிந்த மாவில் சுமார் பத்தில் ஒரு பங்கை எடுத்து, தண்ணீர் விட்டு, அடுப்பில் கிண்டிக் கஞ்சி காய்ச்சுகிறார்கள். ஆறியதும் அதை மீதி மாவிலேயே கொட்டிக் கலக்கிவிடுகிறார்கள். காய்ச்சும்போது மாவுச்சத்துத் துகள்கள் நீரை உறிஞ்சி, வீங்கி, உடைந்து பசையாகின்றன. இதைக் கூழாதல் என்போம். அந்தப் பசை மொத்த மாவையும் கெட்டியாக்கி, குமிழிகளை ஓடவிடாமல் பிடித்துக்கொள்கிறது. வெந்த மாவுச்சத்து நுண்ணுயிர்களுக்குத் தின்ன எளிது என்பதால் வாயுவும் புதிதாகக் கிளம்புகிறது. ஒன்றிரண்டு மணி நேரத்தில் மாவு மறுபடி பொங்கிவிடும்.

ஆப்பம் சுடுகிறவர்களுக்கு இந்நேரம் பொறிதட்டியிருக்கும். ஆப்ப மாவில் சோற்றை அரைத்துச் சேர்ப்பதும், சில வீடுகளில் மாவில் கொஞ்சம் எடுத்துக் கஞ்சி காய்ச்சி ஊற்றுவதும் இதே வேலைக்குத்தான். உறவு சொல்லியே ஆக வேண்டும் என்றால் இஞ்செராவுக்குத் தோசையைவிட ஆப்பம்தான் நெருக்கம்.

இதுவரை சொன்னது: புளிப்பு பாக்டீரியாவின் அமிலத்தால், பொங்குவது வாயுவால், அந்த வாயுவைப் பிடித்துவைப்பது காய்ச்சி ஊற்றிய அப்சித்.

## கல்லில் விழுந்ததும்

சுடும் கல்லுக்கு மிதாட் என்று பெயர். ஊரில் களிமண் ஓடு, ஐரோப்பாவில் பெரும்பாலும் மின்சாரத் தட்டு. அகலம் இரண்டு அடி வரை இருக்கும். எண்ணெய் ஊற்றுவதில்லை, எண்ணெய் வித்தைப் பொடித்துத் தூவித் துணியால் தேய்த்துத் துடைப்பதோடு சரி. மாவை ஓரத்திலிருந்து தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவுக்குக் கொண்டுவந்து ஊற்றுகிறார்கள். நாம் நடுவில் ஊற்றி வெளியே இழுப்பதற்கு நேர் எதிர். கரண்டியால் தேய்ப்பதும் கிடையாது.

ஊற்றியதும் சில விநாடி ஒன்றும் நடக்காது, ஈரமாக மினுமினுக்கும். பிறகு ஓரத்தில் ஊசி குத்தியதுபோல ஒரு புள்ளி, பக்கத்தில் இன்னொன்று, அப்புறம் வட்டம் முழுக்கத் திறந்துகொண்டே போகும். இவற்றைக் கண்கள் என்பார்கள். கண் திறந்ததும் மூடிபோட்டு ஆவியில் வேகவிடுவார்கள். ஓரம் எழும்பிக்கொண்டால் வெந்துவிட்டது. திருப்பிப் போடுவதில்லை. அகலமான ஓலைத்தட்டை அடியில் செருகி வழுக்கி எடுப்பார்கள்.

கண் திறப்பதன் சூட்சுமம் நேரக்கணக்கு. கல்லின் சூட்டில் குமிழி விரிந்து மேலேறி வெடிக்கிறது. வெடிக்கும் அதே நேரத்தில் சுற்றியுள்ள மாவு வெந்து இறுகுகிறது. அதனால் குமிழி போன வழி மூடாமல் நின்றுவிடுகிறது. அடிப்பக்கம் வழவழப்பு, மேல்பக்கம் முழுக்கக் குழி. அந்தக் குழிகள் அழகுக்கு அல்ல. குழம்பை உறிஞ்ச வேண்டியவை அவைதான்.

அவசரக்காரர்கள் நொதிக்கவிடாமல் பேக்கிங் பவுடரோ சோடாத் தண்ணீரோ கலந்து சுடுவதுண்டு. கண் விழும், புளிப்பு வராது. சாப்பிட்டால் தெரிந்துவிடும்.

இனி ஆறிப்போன விஷயம். சுட்டுச் சுட்டு அடுக்கினால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அதனால் ஒவ்வொன்றையும் ஆறவிட்டுத்தான் அடுக்குகிறார்கள். அந்த அமிலம் காப்பதால் இரண்டு மூன்று நாள் வரை கெடாமல் இருக்கும். சூடு குழம்பில் வரும், இஞ்செராவில் எதிர்பார்க்கக்கூடாது.

## மேலே என்ன ஊற்றுகிறார்கள்?

குழம்புக்குப் பொதுப்பெயர் வொத். ஆரம்பம் எல்லாவற்றுக்கும் வெங்காயம்தான். பொடியாக நறுக்கிய வெங்காயத்தை முதலில் எண்ணெயே இல்லாமல் மெல்லிய தீயில் வதக்கி, அதன் தண்ணீர் வற்றி கூழான பிறகுதான் கொழுப்பும் மசாலாவும் சேர்கின்றன. குழம்புக்குக் கெட்டித்தன்மை தருவது அந்த வெங்காயம். தேங்காயோ மாவோ இல்லை.

சிவப்பு வந்தால் அது பெர்பெரே. காய்ந்த மிளகாயோடு பூண்டு, இஞ்சி, வெந்தயம், ஓமம், கருஞ்சீரகம், கொரரிமா என்ற அவ்வூர் ஏலக்காய் எல்லாம் சேர்த்து அரைத்த பொடி. பெர்பெரே போடாத, மஞ்சள் நிறக் காரமில்லாத வகைக்கு அலிச்சா என்று பெயர். குழந்தைகளோடு போகிறவர்கள் இந்த ஒரு சொல்லை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

பட்டியலில் அடிக்கடி வருபவை: மிசிர் வொத் (மைசூர்ப் பருப்பு), ஷிரோ (கடலை மாவைக் காய்ச்சிய குழம்பு), கோமன் (கீரை), தோரோ வொத் (கோழியும் முழு முட்டையும்), திப்ஸ் (வதக்கிய இறைச்சி). கித்ஃபோ என்றால் மசாலா நெய்யில் புரட்டிய கொத்திய மாட்டிறைச்சி. வழக்கமாகப் பச்சையாகவே வரும். வேகவைத்துத் தரச் சொல்லலாம், முகம் சுளிக்கமாட்டார்கள். ஃபிர்ஃபிர் என்பது இஞ்செராவையே பிய்த்துப் போட்டுக் குழம்பில் புரட்டியது. முதல் நாளே அதைச் சொன்னால் இஞ்செராவைத் தொட்டுக்கொள்ள இஞ்செரா வரும்.

## சைவத் தட்டு யாருக்காக வந்தது?

ஐரோப்பிய வீகன்களைக் குறிவைத்து இந்தத் தட்டைச் சேர்த்திருக்கிறார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் திருச்சபையில் புதன், வெள்ளி, ஈஸ்டருக்கு முந்தைய 55 நாள் தவக்காலம் என்று விரத நாட்கள் வரிசையாக வரும். பொதுமக்களுக்கே ஆண்டில் 180 நாள் வரை ஆகும். அந்த நாட்களில் இறைச்சி மட்டுமல்ல, பால், நெய், முட்டை எதுவும் கூடாது. ஆண்டில் பாதி நாள் இப்படிச் சாப்பிட்டால் பருப்பிலும் கீரையிலும் கைப்பக்குவம் தானாக வரும். அந்த விரதச் சாப்பாட்டில் எல்லாவற்றிலும் கொஞ்சம் எடுத்து ஒரே இஞ்செராவில் வைப்பதுதான் பெயாய்நெத்து.

சைவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. விரதமில்லாத நாளில் அதே பருப்பில் நித்தர் கிபே என்ற மசாலா நெய் சேரலாம். நெய் நமக்குப் பிரச்சினை இல்லை. பாலே தொடாதவர்கள் மட்டும் "ட்ஸோம்", அதாவது விரதச் சாப்பாடு, என்று சொல்லிக் கேட்கட்டும். ஒரே சொல்லில் எல்லாம் புரிந்துவிடும்.

## தட்டு, கை, பக்கத்தில் இருப்பவர்

கை கழுவிவிட்டு உட்காருங்கள். மேசை நடுவே ஒரே பெரிய வட்டம் வரும்: அடியில் விரித்த இஞ்செரா, அதன்மேல் அங்கங்கே குழம்பு. பக்கத்தில் சுருட்டிவைத்த இஞ்செரா தனியாக வரும். பிய்க்க வேண்டியது அந்தச் சுருளிலிருந்து. வலது கையால் உள்ளங்கை அளவு கிழித்து, கண் உள்ள பக்கத்தைக் குழம்பின்மேல் வைத்து, விரல் நுனியால் கிள்ளி எடுத்தால் ஷிரோ குழிகளில் ஏறிக்கொள்ளும், விரலில் படாது. கையால் சாப்பிடுவது நமக்குத் தண்ணீர்பட்ட பாடு என்று நினைத்துப் போவோம். ஆனால் நாம் பிசைகிறவர்கள், அவர்கள் கிள்ளுகிறவர்கள். பிசைந்தால் நாறிவிடும் காரியம்.

எதிர்ப்பக்கம் கை நீட்டக்கூடாது. நம் முன்னால் இருப்பதுதான் நம்முடையது. எச்சில் பார்க்கிற குடும்பங்களுக்குப் பொதுத்தட்டு சங்கடமாக இருக்கலாம். தனித்தனியாகக் கேட்டாலும் தருவார்கள். அடியில் விரித்தது கடைசியில் சாப்பிட வேண்டியது; எல்லாக் குழம்பும் ஊறி இறங்கியிருக்கும். அதை இலையாக நினைத்து விட்டுவிட்டு எழுந்திருப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும்.

பக்கத்தில் இருப்பவர் திடீரென்று ஒரு கவளம் உருட்டி உங்கள் வாயருகே நீட்டினால் பதற வேண்டாம். அது குர்ஷா. அன்புக்கும் மரியாதைக்கும் ஊட்டுவது. வாங்கிக்கொள்ள வேண்டும், திருப்பி ஊட்டுவதும் வழக்கம்.

சுருக்கமாகச் சொன்னால் இஞ்செராவே தட்டு, அதுவே கரண்டி, அதுவே சாப்பாடு. குழம்பு காரமும் கொழுப்புமாக இருக்க, இஞ்செராவின் புளிப்பு அதை அறுத்துக்கொண்டே வரும்.

## காபிக்கு நேரம் இருக்கிறதா?

குடிக்க தெஜ் என்ற தேன் மது கிடைக்கும். கேஷோ என்ற செடியின் தண்டும் இலையும் போட்டுக் கசப்பேற்றியது. இனிப்பாக இருப்பதால் ஏமாந்து குடித்துவிடுவார்கள்.

காபி அவர்கள் மண்ணின் பயிர். ஆகவே அதில் அவசரம் இல்லை. முழுச் சடங்கு என்றால் பச்சைக் கொட்டையை உங்கள் முன்னால் வறுத்து, புகையை முகர்ந்துபார்க்கக் கொண்டுவந்து காட்டி, இடித்து, ஜெபெனா என்ற நீண்ட கழுத்துள்ள மண்கூஜாவில் கொதிக்கவைத்து, பிடியில்லாத சின்னக் கோப்பைகளில் ஊற்றுவார்கள். கூடவே சாம்பிராணியும் பெரும்பாலும் பாப்கார்னும் வரும். மூன்று சுற்று உண்டு: அபோல், தோனா, பரக்கா. அதே தூளில் மறுபடி தண்ணீர் விடுவதால் சுற்றுக்குச் சுற்று இளகிக்கொண்டே போகும். கூட்டமான மதிய வேளையில் எல்லாக் கடையிலும் இதைச் செய்யமாட்டார்கள். உட்காரும்போதே கேட்டுவைப்பது நல்லது. ஒரு மணி நேரம் ஒதுக்க முடியாதவர்களுக்கும் வழி இருக்கிறது: இது மிலான், எஸ்ப்ரெஸ்ஸோ கேட்டால் இரண்டு நிமிடத்தில் வந்துவிடும்.